பீட்ரூட் என்று நான் எழுதிய வரி

எங்க பழைய ஆஸ்பத்திரி ஆளுங்க ஒண்ணுகூடி ஒரு மலர் போடப் போறாங்களாம். ரிட்டையர் ஆன நர்ஸுங்க எல்லாரும் ஆளுக்கொரு இனிப்பான அனுபவம் எழுதித் தரணும்னு போன் மேல போன். இத்தனை வருசம் வேலை பாத்தவளுக்கு இனிப்பா ஒண்ணு கூடவா ஞாபகம் இல்லேன்னு உக்காந்து யோசிச்சா, வந்து நிக்கிறது பீட்ரூட். அதுவும் இனிப்புதானேன்னு நான் சிரிச்சா, "அக்கா, ஒழுங்கா எழுது லா"ன்னு என் தங்கச்சி திட்டுறா. எனக்கு ஒழுங்கா எழுத வராது. நடந்தது நடந்த மாதிரிதான் வரும், அதுலயும் சில இடம் எனக்கே இன்னும் விளங்கல.

நான் பொறந்தது தெலுக் இந்தான். அப்போ அதுக்குப் பேரு தெலுக் ஆன்சன். நர்ஸ் படிப்பு மூணு வருசம். பெட்பேன் கழுவினேன், படுக்கை விரிப்போட மூலையை மடிச்சேன், திட்டு வாங்கினேன். அதைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல. எழுபதுகளோட கடைசியில ஈப்போவுக்கு வந்து, ஒரு ஆஸ்பத்திரியில பொம்பளைங்களுக்கான ஆபரேஷன் வார்டுல சேந்தேன். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

அந்த வார்டுக்கு சிஸ்டர் லிம் தலைமை. ஒல்லியான சீன அம்மா. குரலை ஒசத்திப் பேசி நான் கேட்டதே இல்ல, ஆனா அவங்க செருப்பு சத்தம் கேட்டா நான் ஓடிப் போய் ஏதாவது வேலையைக் கையில எடுத்துக்குவேன். வாய்க்கு வந்ததைச் சொல்ற என் கொணம் அவங்களுக்கு ஆகவே ஆகாது. "சிஸ்டர், அந்தப் பேஷண்டுக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கு"ன்னு சொன்னா, பேனாவைக் கீழ வச்சிட்டு என் மூஞ்சியைப் பாப்பாங்க. "சரோ, பாத்தியா, நெனச்சியா?" மலாயிலதான் கேப்பாங்க. பாத்திருந்தா எண் சொல்லணும், நெனச்சிருந்தா போய்ப் பாத்துட்டு வரணும். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது என்னைத் திருப்பி அனுப்புவாங்க. சட்டைப் பையில ஒரு சின்ன அளவுகோல் வச்சிருப்பாங்க. புண்ணு எவ்ளோ பெருசுன்னு கேட்டு நான் விரலைக் காட்டினா, அந்த அளவுகோலை எடுத்து என் கையில வச்சிட்டுப் போயிருவாங்க. அப்போ எனக்கு அவங்க மேல அப்படி ஒரு ஆத்திரம் வரும்.

அந்த வார்டுக்குத்தான் அஞ்சலைக்கா வந்தாங்க. பத்து காஜாங்கிற ஊரைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறவங்க. நாப்பது வயசு இருக்கும். புருசன் இல்ல, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போய்க்கிட்டு இருந்துச்சுங்க. மூத்திரப்பையில கட்டி. பையையே எடுத்தாகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.

அந்த ஆபரேஷனைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். மூத்திரப்பையை எடுத்துட்டு, சிறுகுடல்ல ஒரு துண்டை வெட்டி, கிட்னியிலேர்ந்து வர்ற ரெண்டு குழாயையும் அதுல சேத்துருவாங்க. அந்தத் துண்டோட ஒரு முனையை வலது பக்க வயித்துல ஓட்டை போட்டு வெளிய எடுத்துத் தச்சிருவாங்க. அதுதான் ஸ்டோமா. உதட்டோட உள்பக்கம் மாதிரி செவப்பா, ஈரமா இருக்கும். அது வழியா மூத்திரம் சொட்டிக்கிட்டே இருக்கும், அடக்க முடியாது. அதனால ராப்பகலா ஒரு பையை ஒட்டி வச்சிருக்கணும். இப்போ வர்ற பை மெல்லிசு, உள்ள இருக்கிறது வெளிய தெரியும். அப்போ எங்ககிட்ட இருந்தது கறுப்பு ரப்பர் பை. அதுக்கு ஒரு கெட்டி வளையம், பசை, இடுப்புல ஒரு வார்.

மொதல் தடவை அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு அஞ்சலைக்கா கேட்டாங்க, "ஏன் மிஸ்ஸி, இது ரப்பரா?" தோட்டத்து ஆளுங்க நர்ஸை மிஸ்ஸின்னுதான் கூப்பிடுவாங்க.

"ஆமாக்கா."

"நான் வெட்டின பாலாத்தான் இருக்கும். எங்கயோ சீமைக்குப் போயி என்னையே பிடிக்க வந்துருச்சு பாருங்க."

வார்டே சிரிச்சுச்சு. அப்படிப்பட்ட பொம்பளை. அழுது நான் பாக்கல. பையை மாத்துறது, காலி பண்றது, சுத்தித் தோலைத் தொடைக்கிறது எல்லாத்தையும் நாலே நாள்ல கத்துக்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, லயத்துல யாருக்கும் இது தெரியக் கூடாதுன்னு. லயம்னா தோட்டத்து ஆளுங்களுக்கு வரிசையாக் கட்டி விட்டிருக்கிற வீடு. ஒரு வீட்டுல தும்மினா நாலு வீட்டுல கேக்கும். அவங்க பயம் எனக்குப் புரிஞ்சுச்சு. கட்டி எடுத்தாங்கன்னு மட்டும் சொல்லிக்கச் சொன்னேன். மூணு மாசம் வேலைக்குப் போகாதீங்கன்னு டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பினாரு.

போன ரெண்டாவது வாரமே தோட்டத்து லாரியில திரும்பி வந்தாங்க. கூடவே தோட்டத்து டிரெஸ்ஸர் தங்கராஜு அண்ணன். டிரெஸ்ஸர்னா தோட்டத்துல மருந்து கொடுக்கிறவரு, பாதி டாக்டர். அந்த மனுசன் மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. "மிஸ்ஸி, பை பூரா ரத்தம்"னாரு. நான் பையைத் திறந்து வெள்ளைத் தட்டுல ஊத்தினா, அலாமா, கருஞ்செவப்பு. "சிஸ்டர், ரத்தம்"னு கத்திட்டேன்.

சிஸ்டர் லிம் நிதானமா வந்தாங்க. "பாத்தியா, நெனச்சியா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. தட்டு நெறைய இருக்கே, இதுல என்ன நெனக்கிறதுக்கு இருக்கு? சிஸ்டர் பையைக் கழட்டச் சொன்னாங்க. வெதுவெதுப்பான தண்ணியில ஸ்டோமாவைக் கழுவினாங்க. ஒரு வெள்ளைத் துணியை ஈரமாக்கி, ஸ்டோமா தோலோட சேர்ற இடத்துல வச்சு மெதுவா அழுத்தினாங்க. நூறு வரைக்கும் எண்ணுன்னு என்கிட்ட சொன்னாங்க. எண்ணினேன். துணியை எடுத்துப் பாத்தா வெள்ளையாவே இருந்துச்சு. வேற துணியால ஸ்டோமா மேல ஒத்தினாங்க. அதுலயும் ரத்தம் இல்ல. சொட்டுற மூத்திரம் மட்டும் செவப்பு. ரத்தக்கட்டி எதுவும் இல்ல, வாடையும் ரத்த வாடை இல்ல. அப்புறம் அஞ்சலைக்கா பக்கம் குனிஞ்சு, நேத்து என்ன சாப்பிட்டன்னு கேட்டாங்க.

"பீட்ரூட்டு மிஸ்ஸி. உடம்புல ரத்தமே இல்லியாமே எனக்கு. ரத்தம் ஊறும்னு பக்கத்து வீட்டு அக்கா பாசார்ல வாங்கியாந்து தினமும் பொரியல் பண்ணிக் குடுக்குறாங்க. நாலு நாளா அதான்."

சில பேருக்கு அது அப்படியே மூத்திரத்துல எறங்கும்னு சிஸ்டர் சொன்னாங்க, உடம்புல ரத்தம் கொறைச்சலா இருந்தா இன்னும் கூட. வார்டுல சிரிப்பு அடங்க அரை மணி நேரம் ஆச்சு. அதிகமாச் சிரிச்சது நான்தான். தங்கராஜு அண்ணன் தலையில அடிச்சுக்கிட்டாரு. மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பிப் பாத்ததுல ரத்தம் இல்லேன்னு வந்துச்சு. மறுநாளே அனுப்பிட்டோம். அதுலேர்ந்து வார்டுல அவங்க பேரு பீட்ரூட் அஞ்சலை. அந்தப் பேரை வச்சது யாருன்னு நான் சொல்லணுமா?

இதுக்கப்புறம் ஒரு மூணு வாரம் போயிருக்கும். திங்கக்கெழமை காலையில டாக்டர் வார்டைச் சுத்தி வர்ற நேரம். ஒருத்திக்கு ட்ரிப் முடிஞ்சிருச்சு, இன்னொருத்தியை ஆபரேஷனுக்கு அனுப்பணும். போன் அடிச்சுச்சு. எடுத்தா தங்கராஜு அண்ணன். தோட்டத்து ஆபீஸ் போன்ல எப்பவும் ஒரே இரைச்சல்.

"மிஸ்ஸி, அஞ்சலைக்குப் பையில செவப்பா..."

நான் சிரிச்சிட்டேன். "மறுபடியும் பீட்ரூட்டா? அந்தப் பக்கத்து வீட்டு அக்காவை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்கண்ணே. ஒண்ணும் ஆகாது. தண்ணி நெறைய குடிக்கச் சொல்லுங்க."

அவரு இன்னும் ஏதோ சொன்னாரு. சொன்னாருங்கிறது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம். என்ன சொன்னாருன்னு ஞாபகம் இல்ல, ஏன்னா நான் காதுல வாங்கவே இல்ல. நான் அப்போ சிரிச்சுக்கிட்டு இருந்தேன். "ஒண்ணும் இல்லண்ணே, தைரியமா இருக்கச் சொல்லுங்க"ன்னு போனை வச்சிட்டேன். வர்ற போனையெல்லாம் எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. அதுல எழுதினேன்: "அஞ்சலை, தோட்டத்து டிரெஸ்ஸர். பீட்ரூட். தைரியம் சொல்லியாச்சு." கீழ கையெழுத்தும் போட்டேன்.

புதன்கெழமை மத்தியானம் லாரி வந்துச்சு. ஆளைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தாங்க. உதடு வெள்ளை, கையெல்லாம் சில்லுன்னு இருந்துச்சு. பழைய துணியை மடிச்சு வயித்துல வச்சுக் கட்டியிருந்தாங்க, அது பூரா ஊறிப் போயிருந்துச்சு. இந்தத் தடவை எதையும் மோந்து பாக்க வேண்டியதில்ல. பையில ரத்தம் கட்டி கட்டியா கெடந்துச்சு. ஸ்டோமாவோட கீழ் ஓரத்துல, தோல் சேர்ற இடத்துல கிழிஞ்ச மாதிரி ஒரு வெட்டு, அதுலேர்ந்து பளிச்சுன்னு ரத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. சிஸ்டர் துணியை வச்சு அழுத்தின கையை எடுக்கவே இல்ல. டாக்டர் வந்து ரெண்டு தையல் போட்டாரு. ரத்தம் ஏத்தினோம். போயிருவாங்கன்னு நான் பயந்தேன். சாமிகிட்ட என்னென்னமோ வேண்டினேன். சாயங்காலம் கண்ணைத் திறந்து, "பிள்ளைங்க சாப்பிட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

அதுக்கப்புறம்தான் பெரிய குழப்பம். வார்டுல இருந்த எட்டு நாள்ல ஒரு சொட்டு ரத்தம் வரல. டாக்டர் ரத்தம் உறையுற சோதனை பண்ணாரு, ஈரல் சோதனை பண்ணாரு. எல்லாம் சரியா இருந்துச்சு. கரடுமுரடாத் தொடைச்சியான்னு கேட்டா இல்லைங்கிறாங்க. நகம் பட்டுச்சான்னு கேட்டா இல்லைங்கிறாங்க. வேலைக்குப் போனியான்னு டாக்டர் கேட்டாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு இல்லேன்னாங்க. வீட்டுக்குப் போனா கிழியுது, இங்க வந்தா கிழியல. எனக்கு மண்டை காஞ்சு போச்சு. தோட்டத்துத் தண்ணியில ஏதாவது இருக்குமோ, எவளாவது பச்சிலை கிச்சிலை வச்சு விட்டாளோன்னு எனக்குத் தோணினதையெல்லாம் சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்க எப்பவும் கேக்குற அந்தக் கேள்வியைக் கூட கேக்கல.

ஒம்பதாவது நாள் வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் எழுதிட்டாரு. சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, அவங்க துணி மூட்டையைக் கொண்டான்னாங்க. யாரு வந்து சேந்தாலும் மொதல் வேலையா உடுத்திருக்கிற துணியைக் கழட்டி, பேரு எழுதி மூட்டை கட்டி அலமாரியில வச்சிருவோம். வீட்டுக்குப் போற அன்னிக்குத்தான் அதை அவுப்போம். அது வரைக்கும் எல்லாருக்கும் ஆஸ்பத்திரி அங்கிதான், முதுகுப் பக்கம் நாடா வச்சது, இடுப்புல ஒண்ணும் கட்டாதது.

மூட்டையை அவுத்தா கப்புன்னு பால் வாடை. காஞ்ச ரப்பர் பால் ஒட்டி வெறைச்சுப் போன கைலி. முழுக்கை சட்டை. அப்புறம் நாலு விரல் அகலத்துல நீளமா ஒரு துணி, இடுப்பைச் சுத்தி இறுக்கிக் கட்டுறது. அந்தத் துணியில ஒரு இடத்துல மட்டும் ரத்தக்கறை. அஞ்சலைக்கா அதைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க.

"உடுத்திக்கோ"ன்னாங்க சிஸ்டர். "வேலைக்குப் போறப்ப எப்படி உடுத்துவியோ அப்படி."

உடுத்திக்கிட்டாங்க. கைலியை ஏத்திச் செருகி, அந்த இடுப்புத் துணி வாரைப் பை மேலயே ரெண்டு சுத்து சுத்தி, மூச்சை இழுத்துப் பிடிச்சு முடிச்சுப் போட்டாங்க. அந்த இறுக்கத்துல பை இருக்கிறதே வெளிய தெரியல. சிஸ்டர் ட்ரிப் மாட்டுற கம்பத்தை இழுத்து நடுவுல நிறுத்தினாங்க. "இதுதான் மரம். வெட்டு."

அஞ்சலைக்கா என்னைப் பாத்தாங்க, நான் சிஸ்டரைப் பாத்தேன். அப்புறம் அவங்க கையில கத்தி இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டு வேலையை ஆரம்பிச்சாங்க. அவங்களுக்குக் கொடுத்திருந்தது அடிவெட்டு, முழங்காலுக்குக் கீழ வெட்டுறது. இடுப்பை மடிச்சுக் குனிஞ்சு, மரத்தைச் சுத்திப் பின்னாலயே நகந்து வந்தாங்க. நிமிந்தாங்க, அடுத்த மரம். குனிஞ்சாங்க. ஒரு நாளைக்கு இப்படி எத்தனை நூறு மரமோ, கடவுளே. இருபது தடவை ஆனதும் சிஸ்டர் நிறுத்தச் சொல்லி வாரை அவுத்தாங்க. கெட்டி வளையம் எடம் மாறி, அதோட விளிம்பு ஸ்டோமா மேல ஏறி உக்காந்திருந்துச்சு. வெள்ளைத் துணியை வச்சு எடுத்தாங்க. ஓரத்துல ஒரு செவப்புக் கோடு.

டாக்டருக்கு ஆள் அனுப்பினோம். அவரு வந்து பாத்துட்டுக் கத்தினாரு. "வேலைக்குப் போகாதேன்னேனே! செத்துருவே, தெரியுமா?"

"பெரட்டுல பேரு இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்க டாக்டர்." பெரட்டுங்கிறது காலையில ஆளுங்களை நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறது. "ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்? செத்தாலும் வீட்டுக்குள்ள சாகலாம்ல."

அப்பத்தான் எங்களுக்கு உறைச்சுச்சு. ஆபரேஷனுக்கு முந்தி நாங்க எல்லாரும் அவங்களைப் படுக்க வச்சுத்தான் பாத்தோம். நிக்க வச்சோ, குனிய வச்சோ, கைலி எங்க கட்டுவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டோ யாருமே ஸ்டோமாவுக்கு எடம் பாக்கல. சரியா இடுப்பு வார் விழுற எடத்துல கொண்டு போய் வச்சிருக்கோம்.

அன்னிக்கு நான் வீட்டுக்குப் போய்த் தையல் மெஷின்ல உக்காந்தேன். மெத்தை உறைத் துணியில ரெண்டு தோள்பட்டை வார் தச்சு, கைலியோட மேல் ஓரத்துல பித்தான் வச்சுச் சேத்தேன். கைலி தோள்ல தொங்கும், இடுப்புல ஒண்ணும் இறுக்காது. மேல பெரிய சட்டையைப் போட்டுட்டா பையும் தெரியாது. சிஸ்டர் அளவுகோலை வச்சு அளந்து, வளையத்தை மாத்தி, உள்பக்கம் மெத்துன்னு துணி வச்சுக் கொடுத்தாங்க. மறுபடியும் ட்ரிப் கம்பத்தைச் சுத்தி அம்பது தடவை குனிய வச்சோம். துணி வெள்ளையாவே வந்துச்சு. குனியாம நின்னு வெட்டுற மேல்வெட்டு மரமாக் கொடுங்கன்னு டாக்டர் தோட்டத்துக்குக் கடுதாசி எழுதினாரு.

இதுக்கு நடுவுல ஒரு நாள் சிஸ்டர் லிம் அந்தப் போன் நோட்டைப் புரட்டினாங்க. நான் எதிர்லதான் நின்னேன். என் வரி மேல விரலை வச்சாங்க. பீட்ரூட். திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பக்கத்துல சின்னதாத் தன் கையெழுத்தைப் போட்டுட்டு நோட்டை மூடிட்டாங்க. அன்னியிலேர்ந்து வார்டுல போன் அடிச்சா, பக்கத்துல யாரு நின்னாலும், "சரோ, நீ எடு"ம்பாங்க. அது தண்டனையா, நம்பிக்கையான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. அவங்க ரிட்டையர் ஆகிப் போற அன்னிக்குக் கேக்கலாம்னு நெனச்சேன், வாய் வரல.

அஞ்சலைக்கா வீட்டுக்குப் போற நாள் வந்துச்சு. வாசல்ல லாரி நின்னுச்சு. வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு, கடைசியா என்கிட்ட வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

"மிஸ்ஸி, உங்களை நான் மறக்கவே மாட்டேன். அந்தத் திங்கக்கெழமை நான் ரொம்பப் பயந்துட்டேன். அதுக்கு முந்தின வாரம் பூரா நான் பீட்ரூட்டை வாயிலயே வைக்கல. அதையும் சொல்லிக் கேளுங்கன்னு டிரெஸ்ஸர்கிட்ட சொல்லித்தான் போன் பண்ணச் சொன்னேன். ஒண்ணும் இல்ல, தைரியமா இருன்னு மிஸ்ஸியே சொல்லிட்டாங்கன்னு அவரு வந்து சொன்னாரு பாருங்க, அப்பத்தான் எனக்கு உசிரே வந்துச்சு. மிஸ்ஸி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அன்னிக்கும் போனேன், மறுநாளும் போய் வெட்டினேன். பெரட்டுல பேரு நின்னுச்சு. நீங்க அந்த ஒரு வார்த்தை சொல்லலேன்னா பயந்துக்கிட்டு அன்னிக்கே இங்க ஓடியாந்திருப்பேன்."

"சரிக்கா, பாத்துப் போங்க"ன்னேன். அவ்ளோதான் சொன்னேன். அவங்க லாரியில ஏறினாங்க.

அவங்க அப்புறம் அஞ்சாறு வருசம் கிளினிக்குக்கு வந்தாங்க, நல்லாத்தான் இருந்தாங்க. அவங்களைப் பாத்து லயத்துல நாலஞ்சு பொம்பளைங்க கைலிக்குத் தோள்பட்டை வார் வச்சுத் தச்சுக்கிட்டாங்களாம், ஈப்போ ஸ்டைலுன்னு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. எண்பதுகளோட பாதியில அந்தத் தோட்டத்துல ரப்பரை வெட்டிட்டு எண்ணெய்ப்பனை போட்டாங்க, எனக்கும் வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தல் வந்துச்சு. கடைசியா வந்தப்பவும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதே நன்றியைச் சொன்னாங்க, அந்தத் திங்கக்கெழமைக்கு. ஒவ்வொரு தடவையும் நான் அதை வாங்கிக்கிட்டேன்.